இருக்கட்டும், மாறட்டும், நான்

ஏப்ரல் 16, 2024, செவ்வாய்

ஆதிரைக்கு இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது. மேலே, இடது பக்கம். முன்னால் வந்த பற்களோடு ஒட்டாமல் தனியாக ஓர் ஓரத்தில் நிற்கிறதே என்று பாதி நாள் கவலைப்பட்டேன். ஃபோனில் தேடிப் படித்தேன், கவலை ஜாஸ்தியானதுதான் மிச்சம். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். ஆம்பூருக்கு அந்தப் பட்டப்பெயர்கூடக் கிடைக்கவில்லை, வெயில் மட்டும் வந்து சேர்ந்தது.

ஷூ கம்பெனியில் மறுபடி சேர்ந்து இரண்டாவது மாதம். ஜூன் வரைக்கும் பார்ப்போம், பிறகுதான் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலை இரண்டு பேர் தயவில் நிற்கிறது. ஒருத்தி ஷஹீன் பானு. காலேஜில் எனக்குப் பக்கத்து பெஞ்சு, இப்போது சாம்பிள் ரூமில் பக்கத்து மேஜை. பிரசவத்துக்காக வேலையை விட்டுப் போன என்னை மேனேஜரிடம் சண்டை போட்டு உள்ளே இழுத்தவள். இன்னொருவர் பாரதியக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கிறார். டீச்சர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். பகல் முழுக்க ஆதிரை அவரிடம்தான். என் கணவன் செல்வா அரக்கோணத்தில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை ராத்திரிதான் வருவான். ஆக, இந்த இருவரில் ஒருவர் இல்லை என்றாலும் நான் காலி.

வெள்ளிக்கிழமை ஓட்டு. டெல்லியில் இருப்பவர்களே இருக்கட்டும் என்பது பாரதியக்கா கட்சி. மாறட்டும் என்பது ஷஹீன் கட்சி. கட்சிகளின் நிஜப் பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். செல்வா படித்தால் அவனும் ஒரு கட்சியாகிவிடுவான்.

"நீயும் நம்ம பக்கம்தான தமிழு?" என்றார் அக்கா, காலையில் குழந்தையை வாங்கும்போது. ஆமாம் என்றேன்.

"நீ இன்னாடி, நம்ம பக்கம்தான?" என்றாள் ஷஹீன், பஸ்ஸில். ஆமாம் என்றேன்.

இரண்டு ஆமாமுக்கும் நடுவில் கால் மணி நேரம்கூட இருக்காது.


ஏப்ரல் 18, வியாழன்

என் பெயர் இன்னும் அம்மா வீடு இருக்கும் ஒடுகத்தூர் ஓட்டர் லிஸ்டில்தான் இருக்கிறது. செல்வா மட்டும் கெட்டிக்காரனாக அரக்கோணத்துக்கு மாற்றிக்கொண்டான். நாளை விடிந்ததும் கிளம்பி, மாதனூரில் பஸ் மாறிப் போய்ப் போட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். யாருக்கு என்பதைப் பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.


ஏப்ரல் 19, வெள்ளி

போகவில்லை.

விடியும்போதே ஆதிரைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு துணியைத் துவைத்து முடிப்பதற்குள் அடுத்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன், துப்பினாள், மறுபடி கொடுத்தேன். கண் குழி விழுந்திருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே மதியம் போய்விட்டது. ஐந்து மணிக்குமேல்தான் நின்றது. அப்போது பஸ் பிடித்தாலும் பூத் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நாட்டை யார் ஆண்டால் என்ன, வயிறு நின்றதே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் பாரதியக்கா வீடியோ கால். காலையில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு சோளிங்கருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். மை வைத்த விரலை கேமரா முழுக்கக் காட்டி, "உன்னுது காட்டு" என்றார்.

"குழந்த தூங்குதுக்கா, லைட் போட முடியாது" என்றேன்.

வைத்ததும் ஷஹீனிடமிருந்து மெசேஜ்: "நாள கம்பெனி பஸ்ல விரல் செல்ஃபி. டிமிக்கி குடுக்காத."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போகவில்லை என்று சொன்னால் என்ன ஆகிவிடும்? சொல்லியிருக்கலாம். ஆனால் நம்பி எண்ணி வைத்திருக்கிறார்களே, ஒவ்வொருவரும் தன் பக்கத்து ஓட்டு என்று. இருவருக்கும் ஒரே நாளில் ஒரு ஓட்டு குறைந்துவிடும். பைக்குள் கைவிட்டபோது எட்ஜ் கலர் பாட்டில் தட்டுப்பட்டது. தோலை வெட்டின ஓரத்தில் பூசுகிற சாயம். ஷேட் பொருத்திப் பார்க்கக் கொடுத்தது, நேற்று திருப்பித் தர மறந்துவிட்டேன். கருநீலம்.

தீக்குச்சி முனையில் தொட்டு, இடது ஆள்காட்டி விரலில், நகத்திலிருந்து தோல்வரை ஒரு கோடு.

அச்சு அசல்.


ஏப்ரல் 20, சனி

செல்ஃபியில் என் விரல்தான் எல்லோருடையதையும்விடப் பளிச்சென்று இருந்தது. "உங்க பூத்ல மட்டும் நல்ல மை வச்சிருக்காங்கடி" என்றாள் ஷஹீன்.


ஏப்ரல் 23, செவ்வாய்

எட்ஜ் கலர் ஷூவில் வருஷக்கணக்கில் நிற்கும். பாத்திரம் தேய்க்கிற கையில் மூன்று நாள்கூட நிற்காது. ஓரத்தில் உரிய ஆரம்பித்துவிட்டது. பூசினேன். அந்தக் கையால் ஆதிரைக்கு ஊட்டுவதில்லை, வாய் துடைப்பதில்லை, கன்னத்தைத் தொடுவதில்லை. இருந்தாலும் பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

படித்திருக்கக் கூடாது.


ஏப்ரல் 27, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கம்பெனியிலிருந்து வரும்போது ஷஹீனும் என்னோடு இறங்குவாள். ஆதிரையைக் கொஞ்சிவிட்டுத்தான் பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவாள். இன்றும் வந்தாள். பாரதியக்கா வீட்டு டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதை அணைத்திருக்கலாம்.

"என் தம்பி பார்டர்ல நிக்கறான். டெல்லில கெட்டியான ஆளு இருக்கணும்னு அவனே சொல்றான்" என்றார் அக்கா.

"உங்க தம்பிக்கு நானும்தான் துவா பண்றேன்" என்றாள் ஷஹீன். "ஆனா மேடையில ஏறி எங்க ஜனங்களப் பத்திப் பேசறாங்களே, அதுக்குக் கை தட்றவங்கள்ல நீங்களும் உண்டா? அத மட்டும் சொல்லுங்க."

"நான் எப்ப தட்டினேன்?"

"ஓட்டும் ஒரு கைதட்டுதானக்கா."

அக்கா முகம் சிவந்துவிட்டது. "அப்ப இத்தன வருசமா ரம்ஜானுக்கு உங்க வீட்ல உக்காந்து சாப்ட்டேனே, அது இன்னா?"

"அதனாலதான் உங்களக் கேக்கறேன். சாப்பிடாதவங்கள நான் இன்னாத்துக்குக் கேக்கப்போறேன்?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு தமிழு."

நான், "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. அது என் வீடும் இல்லை.

வெளியே வந்தபோது ஷஹீன் போயிருந்தாள். அக்கா ஆதிரையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரிடமிருந்தும் மெசேஜ். "நான் கேட்டதுல இன்னா தப்பு?" என்று அவள். "நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று இவர். இருவருக்கும், "நீங்க சொன்னதுதான் சரி" என்று அனுப்பினேன். ஷஹீனுக்கு மட்டும் நீங்களை நீயாக மாற்றினேன்.


ஏப்ரல் 28, ஞாயிறு

செல்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரலைத் தவிர. "நீதான் நடுவுல இருக்கியே, சமாதானம் பண்ணு" என்றான். நான் நடுவில் இல்லை. நான் இரண்டு பக்கமும் இருக்கிறேன். அது வேறு.


மே 2, வியாழன்

கருநீல ஆர்டர் முடிந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்த வாரம் காப்பிக்கொட்டை நிறம். வேறு வழியில்லை.

"எனக்கு நகம் வளந்து மை மேல ஏறிடுச்சு" என்று லஞ்சில் விரலை நீட்டினாள் ஷஹீன். "உனக்கு இன்னாடி, நகமே வளரலியா? கலர் வேற மாறுது."

"குழந்தைக்குப் பால் குடுக்கறேன்ல, கால்சியம் கம்மி" என்றேன்.

பி.காம். படித்தவள் சொல்கிற பதிலா இது? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தயிர் சாதத்துக்குத் திரும்பினாள்.

அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் தெரு முனையிலேயே ஷஹீன் திரும்பிப் போய்விடுகிறாள். ஆதிரை வாசலில் அவளைத் தேடுகிறாள். நான் இரு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர் மரியாதை என்றுதான் இதுவரை நினைத்தேன். பிறர் கருத்தை மதிக்கிறேன், யார் மனத்தையும் நோகடிப்பதில்லை...

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் வேலை போய்விடும் என்ற பயத்துக்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறேனோ?

தூங்கு தமிழினி.


மே 5, ஞாயிறு

கத்திரி வெயில் நேற்று ஆரம்பித்தது. என் வீட்டில் இன்று.

ஆதிரையின் பால் புட்டி அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைக் கொடுக்க வந்தார். அதே நேரத்துக்கு ஷஹீன் என் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கம்பெனியில் மறந்து வைத்துவிட்டேனாம். வாசல் ஒரு ஆள் அகலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் அதற்குள் நின்றார்கள்.

"சில பேருக்கு நேரா பதில் சொல்லத் தெரியாது" என்றாள் ஷஹீன், கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்து.

"சில பேருக்குப் பெரியவங்ககிட்ட பேசத் தெரியாது" என்றார் அக்கா, நிலைப்படியைப் பார்த்து. "தமிழுக்குத் தெரியும் நான் ஏன் அப்படிப் போட்டேன்னு. அவளும் அங்கதான போட்டா."

"எங்க போட்டா?" ஷஹீன் இப்போது அக்காவையே பார்த்தாள். "அவ எங்க பக்கம்க்கா."

"எங்கிட்ட சொன்னாளே."

"எங்கிட்டயும்தான் சொன்னா."

என் மடியில் இருந்த ஆதிரை அதுவரை என் இடது கையைப் பிடித்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்ப்பதற்குள் விரலிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தோல், நகத்தின் அளவுக்கு, முழுசாக உரிந்து அவள் கையோடு வந்தது. வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் போட்ட கூச்சலில் செல்வா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தான். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு அதை வழித்து வெளியே எடுத்தேன். "ஐயோ, நகம் கழண்டுபோச்சு" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

ஷஹீன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தினமும் பார்க்கிற சாமான்தானே. "எட்ஜ் கலர்" என்றாள்.

அக்கா என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நீ யாருக்குத்தான் போட்ட?" என்றார் அக்கா.

"யாருக்கும் போடல. போகவே இல்ல. அன்னிக்கு இவளுக்கு வயித்தால போச்சு."

"அத சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள் ஷஹீன்.

நான் ஆதிரையின் வாயை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படி இறங்கினார்கள். என்னிடம் போய்ட்டு வர்றேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. செல்வா சோப்பு நுரையோடு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன்மேல் டவலை எறிந்தேன்.


மே 6, திங்கள்

அக்கா ஆதிரையை வாங்கிக்கொண்டார். பேச்செல்லாம் அவளிடம்தான். "உங்கம்மாகிட்ட சொல்லு, செரிலாக் தீந்துபோச்சுன்னு. இன்னொண்ணும் சொல்லு, ஜூன்லருந்து நான் ஸ்கூலுக்குப் போறேன்னு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

ஆதிரை சிரித்தாள். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். ஷஹீன் முன் சீட்டில் வேறு யாரோடோ உட்கார்ந்திருந்தாள்.

நிஜமாகவே ஸ்கூலா, கோபமா? ஜூனில்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும். குழந்தையை எங்கே விடுவேன்? ஒடுகத்தூரிலிருந்து அம்மா வர முடியாது, அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு. க்ரீச் என்றால் வேலூர்தான். ஷூ டப்பாவில் படுக்க வைத்து மேஜைக்கு அடியில் தள்ளிக்கொள்ளவா?


மே 8, புதன்

லஞ்சில் ஷஹீன் எதிரே போய் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை. அதுவே பெரிசு.

"சாரிடி" என்றேன்.

"எதுக்கு? ஓட்டுப் போடாததுக்கா?"

"இல்ல. ஆமாம் சொன்னதுக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அன்னிக்கு அவங்ககிட்ட அத கேக்கறதுக்கு எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்துச்சு தெரியுமா? நீ என் பக்கம் இருக்கன்னு நெனச்சிதான் கேட்டேன். நீ பால் பாக்கப் போய்ட்ட."

உள்ளதைச் சொன்னேன்: "போயிருந்தா உங்க பக்கம்தான் போட்டிருப்பேன். ஆனா நீங்க நிறுத்தின ஆளு எனக்குப் புடிக்கல. போன தடவ என்ன கிழிச்சாருன்னு தெரியல."

"அவருக்கு இன்னாடி கொறச்சல்?" என்று பாய்ந்தாள். பஸ் இறங்கும்வரை சண்டை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் போட்டாள்.


மே 10, வெள்ளி

இன்று அக்காவிடம்.

ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். "அக்கா, நான் போயிருந்தாலும் உங்க பக்கம் போட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மனத்துக்குள் வேலூர் க்ரீச்சுக்கு வண்டி ஏறிவிட்டேன்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா கேட்டா. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா என்ன ஒரு மனுஷியா மதிச்சுத்தான கேட்டா. நீ என்ன என்னான்னு நெனச்ச? குழந்த பாத்துக்கற ஆளு, எதுக்கு வம்புன்னு தலய ஆட்டின."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். "ஆமாங்க்கா" என்றேன். நான் சொன்ன ஆமாம்களில் இது ஒன்றுதான் நிஜம்.

கடைசிச் சட்டையையும் மடித்துவிட்டு, "சரி உக்காரு. ஏன் போட மாட்ட? சொல்லு" என்றார்.

சொன்னேன். அவரும் சொன்னார். இடையில் குரல் உயர்ந்தது, ஆதிரை புரண்டதும் இரண்டு பேரும் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டோம். என் பேச்சில் பாதியை அவர் ஏற்கவில்லை, அவர் பேச்சில் பாதியை நான் ஏற்கவில்லை. ஜூன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.


மே 19, ஞாயிறு

மக்கன் பேடா இனிப்பு வாங்க ஷஹீன் ஆற்காடு போனாளாம். ஒரு டப்பா எனக்கு, ஒரு டப்பா அக்காவுக்கு. அக்கா டப்பாவை அவளே போய்க் கொடுத்தாள். போனவள் ஒரு மணி நேரம் வரவில்லை. போய் அக்கா வீட்டுச் சன்னல் ஓரம் நின்று ஒட்டுக்கேட்டேன். "நீங்க சொல்றத ஒத்துக்க மாட்டேன்" என்று ஒரு குரல், "ஒத்துக்காத, இன்னொண்ணு எடுத்துக்க" என்று ஒரு குரல்.


ஜூன் 1, சனி

பாரதியக்காவுக்கு வேலை கிடைத்தது நிஜம்தானாம். நர்சரி ஸ்கூல், மதியம் வரைக்கும். பத்தாம் தேதி திறக்கிறார்கள். என்ன செய்வது என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கடிக்கலாம், பயமில்லை.

சாயங்காலம் அக்காவும் ஷஹீனும் சேர்ந்து வந்தார்கள். என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். காலையில் ஆதிரை ஷஹீன் அம்மா அஃப்ஸர் ஜஹானிடம். மதியம் ஸ்கூல் விட்டதும் அக்கா போய்த் தூக்கி வந்துவிடுவார்.

"எங்கம்மா ரெடி. வெத்தலப்பொட்டி மட்டும் இவ கைக்கு எட்டாம வச்சுக்கணும்" என்றாள் ஷஹீன்.

எனக்கு அழுகை வந்தது. "அழுதா ப்ளான் கேன்சல்" என்றார் அக்கா.


ஜூன் 4, செவ்வாய்

ரிசல்ட். இருக்கட்டும் கட்சியே டெல்லியில் மறுபடி, ஆனால் பழைய பலம் இல்லை. ஜெயித்தோம் என்று அக்கா. குறைத்தோம் என்று ஷஹீன். அக்கா வீட்டில் டிவியை ஊமையாக்கி வைத்துப் பார்த்தோம். இருவருமே கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் சந்தோஷப்படுகிறீர்கள் என்றேன். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். ஓட்டே போடாதவளுக்கு வாயைப் பார் என்று.


ஜூன் 12, புதன்

புது ஏற்பாடு நன்றாகத்தான் போகிறது. நேற்று சீக்கிரம் வந்தபோது பார்த்தேன், பாரதியக்கா பிஸ்கட்டை டீயில் தொட்டு ஆதிரைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த ஷஹீனும் பக்கத்தில் இருந்தாள். தலை தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்தினேன்.

"டீ வேணாங்க்கா. குழந்தைக்கு."

"ஏன்? நாங்கல்லாம் டீ குடிச்சிதான் வளந்தோம்."

"அதான் தெரியுதே."

ஷஹீன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவர் பிள்ளை வளர்த்த கதை, என் ஃபோன் படிப்பு, இந்தக் காலத்து அம்மாக்கள் எல்லாவற்றையும் பற்றி விளக்கு வைக்கும் வரைக்கும் பேசினார். நானும் விடவில்லை. வரும்போது மனசு கனத்தது, நாளைக்குக் குழந்தையை வாங்கமாட்டாரோ என்று. பழைய பயம், உடனே போய்விடுமா?

இன்று சாயங்காலம் போனேன். ஆதிரை பாலில் தொட்ட பிஸ்கட்டை முகமெல்லாம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்தேன்.

"சக்கர போடலக்கா."

"தெரியும்" என்றார். "குடி."